நாட்டுத் துப்பாக்கியும் நமது குடும்ப க்ஷேமமும்

(மலையடிவாரக் கிராமமொன்றில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களின் பொதுக்கூட்டத்தில் செய்யப்பட்ட பிரசங்கம்)



விதை, எரு, கடன், தவணை ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே நமது சங்கக் கூட்டங்களின் வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம் நாட்டுத் துப்பாக்கி. சங்கத்திற்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நெருங்கிய சம்பந்தமே உண்டு. ஒரு குடியானவர் சங்கத்தில் கடன் வாங்கி நிலக்கடலை விதைக்கிறார். காய் பிடிக்கும் தருணத்தில் காட்டுப்பன்றிக் கூட்டம் ஒன்று இரவோடிரவாக வந்து கொல்லையைக் கிண்டிப் போட்டுவிடுகிறது. வயிறெரிந்த மனிதர் பரணில் செருகி வைத்திருக்கும் துப்பாக்கியைத் தேடி எடுக்கிறார். அது பன்றியின் மேல் வெடிப்பதற்குப் பதிலாக அவர் கையிலேயே வெடிக்குமாயின், விரல்கள் போன கையால் அவர் ஏர் பிடிப்பது எப்படி? கண் போனால் களத்துமேட்டில் நெல் தூற்றுவது எப்படி? பன்றியால் போனது ஒரு போகம். துப்பாக்கியால் போவது அக்குடும்பத்தின் ஆயுட்கால வருமானம். ஆகையால் இது சங்கத்தார் கவனிக்கவேண்டிய விஷயமே என்று நான் துணிந்து சொல்லுகிறேன்.

எந்தத் துப்பாக்கி?

சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி ஆகிய ஜில்லாக்களின் மலைப்பக்கங்களில் நாட்டுத் துப்பாக்கி புதிய வஸ்து அன்று. குழலின் வாய்வழியே கருமருந்தையும் ரவையையும் இட்டுக் கெட்டித்துச் சுடும் இந்த வகைத் துப்பாக்கி கொல்லிமலை, கல்வராயன்மலை, ஜவ்வாதுமலை முதலிய இடங்களில் தலைமுறை தலைமுறையாகப் பழகி வந்திருக்கிறது. இலங்கைத் தமிழர் இதைத் துவக்கு என்பார்கள். கை வேலையாகச் செய்ததற்கு அங்கே இடியன் துவக்கு என்று பெயர்.

இவற்றில் இரண்டு தினுசு உண்டு. அதிகாரம் பெற்ற சாலையில் செய்து, சோதித்து, முத்திரையிட்டு, லைசென்ஸுடன் வைத்திருப்பது ஒன்று. கிடைத்த இரும்புக் குழாயைக் கொண்டு யாரோ ஒருவர் செய்துகொடுத்து, முத்திரையும் லைசென்ஸும் இல்லாமல் கூரையில் ஒளித்து வைத்திருப்பது மற்றொன்று. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அபாயத்திலோ இரண்டுக்கும் மடுவுக்கும் மலைக்குமுள்ள வித்தியாசம். நான் இன்று பேசுவது இரண்டாவது தினுசைப் பற்றி.

குழல் ஏன் வெடிக்கிறது?

துப்பாக்கி சுடுவது என்பது என்ன? மூடிய குழலுக்குள் மருந்து கண்ணிமைக்கும் நேரத்தில் எரிந்து புகையாகிறது. அந்தப் புகை விரிந்து வெளியேற வழி தேடுகிறது. முன்னே ரவை இருக்கிறது, பின்னே அடைப்பு இருக்கிறது, சுற்றிலும் இரும்பு இருக்கிறது. இந்த மூன்றில் எது பலவீனமோ அது வழிவிடும். ரவை வழிவிட்டால் குண்டு முன்னே போகும். இரும்பு வழிவிட்டால் குழல் பிளக்கும். அடைப்பு வழிவிட்டால் அது சுடுகிறவரின் முகத்தை நோக்கியே வரும்.

வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாயில் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தின்மீது சில கிலோ அழுத்தமே இருக்கும். கருமருந்து எரியும்போது அதே அளவு இடத்தின்மீது நூற்றுக்கணக்கான கிலோ அழுத்தம் உண்டாகிறது. தண்ணீருக்காகச் செய்த குழாயில் இதைத் தாங்கும் சக்தியை எதிர்பார்ப்பது, கோழிக்கூண்டில் காளையை அடைப்பது போலாகும். குழாயின் பற்றுவைத்த தையல், உள்ளிருக்கும் மெல்லிய கீறல், ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெலிந்தும் இருப்பது ஆகிய குறைகள் ஒன்றுமே வெளிப்பார்வைக்குத் தெரியமாட்டா.

“எங்கள் துப்பாக்கி பத்து வருஷமாகச் சுட்டுக்கொண்டிருக்கிறது, இதுவரை ஒன்றும் ஆகவில்லையே” என்று சிலர் சொல்வதுண்டு. இந்த வார்த்தையில்தான் பெரிய அபாயம் இருக்கிறது. ஒரு கம்பியை எடுத்து இப்படியும் அப்படியும் வளைத்துப் பாருங்கள். முதல் பத்துத் தடவை ஒன்றும் ஆகாது. பிறகு ஒரு தடவை பட்டென்று ஒடிந்துவிடும். இரும்பு ஒவ்வொரு வெடிக்கும் சிறிது களைக்கிறது. உள்ளிருக்கும் கீறல் நூலிழை அளவு வளருகிறது. அதோடு, கருமருந்து எரிந்த பிறகு குழலுக்குள் படியும் கசடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கிறது. வெளியே எண்ணெய் தடவிப் பளபளப்பாக வைத்திருக்கும் குழல் உள்ளே கறையான் தின்ற மரம்போல் ஆகியிருக்கலாம். ஆகவே பத்து வருஷம் சுட்டதென்பது அது பலமானது என்பதற்கு அத்தாட்சி ஆகாது. பத்து வருஷம் களைத்துப்போயிருக்கிறது என்பதற்கே அத்தாட்சியாகும்.

இதற்குச் சரித்திரத்திலேயே சான்று உண்டு. 1460-ஆம் வருஷம் ஸ்காட்லாந்து தேசத்து அரசன் இரண்டாம் ஜேம்ஸ் ராக்ஸ்பரோ கோட்டையை முற்றுகையிட்டபோது, தன்னுடைய பீரங்கி ஒன்றின் அருகில் நின்றுகொண்டிருந்தான். அது வெடித்துச் சிதறி அவன் உயிரைக் கொண்டுபோயிற்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1844-ஆம் வருஷம் பிப்ரவரி 28-ஆம் தேதி, பிரின்ஸ்டன் என்ற போர்க்கப்பலில் பெரிய மனிதர்களுக்கு முன்னிலையில் ஒரு பீரங்கியைச் சுட்டுக் காட்டினார்கள். அன்றைக்கே முன்பு சுட்டபோது அது நன்றாகத்தான் வேலை செய்தது. மறுபடி சுட்டபோது பிளந்தது. அந்நாட்டு வெளிநாட்டு மந்திரி, கடற்படை மந்திரி உட்பட ஆறு பேர் மாண்டார்கள். அரசனுடைய செல்வமும் ஒரு தேசத்தின் தொழிற்சாலையும் சேர்ந்து செய்த குழலுக்கே இந்தக் கதியானால், தெருக்கோடியில் செய்த குழலை நம்புவது எப்படி?

குழலின் குறை ஒருபுறமிருக்க, மற்றக் காரணங்களும் உண்டு. பரணில் கிடக்கும் துப்பாக்கியின் வாயில் குளவி மண்கூடு கட்டும். வாய் சேற்றில் குத்தி மண் ஏறும். அடைபட்ட குழலைச் சுட்டால் புகைக்கு வழியில்லாமல் குழல் பிளக்கும். மருந்து இட்டிருப்பதை மறந்து மேலும் ஒரு தரம் இட்டுக் கெட்டிப்பதும் இருட்டிலே சாதாரணமாக நேரக்கூடிய பிசகு. முன்பு சுட்டதன் கனல் துணுக்கு ஒன்று குழலுக்குள் அணையாமல் இருந்தால், அடுத்த மருந்தைக் கொட்டும்போதே பற்றிக்கொள்ளும். அப்போது கை குழல்வாய்க்கு நேராக இருக்கும். குதிரையும் விசையும் செப்பமாகப் பொருந்தாத துப்பாக்கி, கல்லில் இடறினாலும் கீழே சாய்ந்தாலும் தானே வெடிக்கும். விசையைத் தட்டியும் உடனே வெடிக்காமல் சில விநாடி கழித்து வெடிப்பதும் உண்டு. என்னவென்று குழலுக்குள் எட்டிப் பார்க்கிறவரின் கதியை நான் விவரிக்க வேண்டியதில்லை.

இவ்விபத்துக்களில் அதிகமாகக் கெடுவது குழலைத் தாங்கிப் பிடித்திருக்கும் கையின் கட்டைவிரலும் மற்ற விரல்களும். அடுத்தது கண். அதற்கடுத்தது முகமும் மார்பும் தீய்வது. இவை நேராதவர்களுக்கும் காதிலே இடைவிடாத இரைச்சலும் செவிட்டுத்தன்மையும் வருவதுண்டு. அந்தச் செவிட்டுக்கு மாற்று மருந்து கிடையாது.

ஜாக்கிரதையாக இருந்தால் போதாதா?

போதாது. ஏனென்று சொல்லுகிறேன். முறையாகச் செய்யப்பட்ட துப்பாக்கியை விற்பனைக்கு அனுப்புமுன், வழக்கத்தைவிட அதிக மருந்து இட்டு, மனிதர் யாரும் அருகில் இல்லாமல் வெடித்துப் பார்ப்பார்கள். அதைத் தாங்கிய குழலுக்கே முத்திரை உண்டு. இதற்கென்று பிரிட்டனில் பர்மிங்காம் நகரத்தில் 1813-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஒரு பரீட்சைச் சாலை ஏற்பட்டது. குழலைப் பார்த்தோ தட்டியோ அதன் பலத்தை அறிய முடியாது என்பதை அத்தொழிலில் தேர்ந்தவர்களே ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது. நாட்டுத் துப்பாக்கிக்கு அப்படிப்பட்ட பரீட்சை எங்கே நடக்கிறது? சுடுகிறவரின் தோளிலேதான் நடக்கிறது. எவ்வளவு நிதானமுள்ளவரானாலும் இரும்பின் உள்ளே இருக்கும் கீறலுக்கு அவர் ஜாக்கிரதையால் பரிகாரம் செய்ய முடியாது. இப்படிப்பட்ட துப்பாக்கிக்கு உள்ள ஒரே பாதுகாப்பு அதைச் சுடாமலிருப்பது. அடுத்தபடியாக அதை வீட்டைவிட்டு அகற்றுவது.

வீட்டைவிட்டு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மருந்து கெட்டித்தபடியே துப்பாக்கியைப் பரணில் வைப்பது பலருடைய பழக்கம். “பன்றி வந்தபிறகு மருந்திட நேரமேது?” என்பார்கள். பன்றி வராத பகலில் பிள்ளைகள் பரணில் ஏறுகிறார்கள். கருமருந்தை அடுப்பங்கரை மாடத்தில் ஈரம் படாமலிருக்க வைப்பதும் உண்டு. அடுப்பின் பொறி ஒன்றே போதும். சாமான் ஒன்று உராய்வதும் போதும். அந்த அறையில் இருப்பவர்கள் பெரும்பாலும் தாய்மார்களும் குழந்தைகளுமே. துப்பாக்கியைத் தொட்டறியாதவர்களே அதனால் முதலில் பலியாகக்கூடும் என்பதைத் தாய்மார்கள் மனத்தில் இருத்தவேண்டும்.

கட்டுத்துவக்கும் அவுட்டுக்காயும்

ஆள் பிடித்துச் சுடும் துப்பாக்கியைவிடக் கொடியது ஆள் இல்லாமல் சுடும் துப்பாக்கி. இலங்கையில் வன்னி நாடு முதல் அநுராதபுரம், பொலன்னறுவை வரையிலுள்ள காட்டோரக் கிராமங்களில் இதற்குக் கட்டுத்துவக்கு என்று பெயர். மிருகம் வரும் தடத்தில் துவக்கைக் கட்டிவைத்து, குறுக்கே கம்பி ஓட்டிவிடுவது அதன் முறை. பன்றியின் உயரத்துக்கு வைத்தது மனிதனுக்கு முழங்கால் உயரமாகிறது. ஆகவேதான் அங்குள்ள வைத்தியர்கள் கண்ட காயங்களில் பெரும்பாலானவை முழங்காலிலும் அதற்குக் கீழுமே இருந்திருக்கின்றன. எலும்பு நொறுங்கி, நரம்பும் ரத்தக்குழாயும் அறுந்து, காலையே எடுக்க நேர்ந்தவர்கள் உண்டு. அடிபட்டவர் பெரும்பாலும் யார்? விறகுக்கும் தேனுக்கும் போனவர், மாடு தேடிப் போனவர், பக்கத்து வயலுக்குத் தண்ணீர் கட்டப் போனவர். கம்பிக்குப் பன்றியென்றும் பங்காளியென்றும் பேதம் தெரியாது.

நம் பக்கத்தில் இதற்கு இணையான கேடு அவுட்டுக்காய். இலங்கையில் இதை ஹக்கபட்டாஸ் என்பார்கள். தீனிக்குள் வெடியை மறைத்துப் பன்றி கடிக்கும்படி போட்டுவைப்பது. இதைக் கட்டும்போதே கை போனவர்கள் உண்டு. கட்டியபின் வயலில் கிடக்கும் பொருளைப் பந்தென்றும் பழமென்றும் நினைத்து எடுப்பது குழந்தையாகவும் இருக்கலாம், மேயும் பசுவாகவும் இருக்கலாம். கேரளத்தில் பாலக்காடு ஜில்லாவில் 2020-ஆம் வருஷம் மே மாதம், வெடி வைத்த காயைத் தின்ற சினையானை ஒன்று வாய் கிழிந்து, வெள்ளியாற்றில் இறங்கி நின்றபடியே 27-ஆம் தேதி உயிர்விட்டது. பன்றிக்கு வைத்தது யானையைக் கொன்றது. வைத்தவர்களுக்கு அது நோக்கமில்லை என்றாலும் வெடிக்கு நோக்கம் என்பது கிடையாது.

காட்டோரத்தில் சந்தேகமான உருண்டையோ, தடத்தின் குறுக்கே கம்பியோ கண்டால் தொடாதீர்கள். கல்லெறிந்து பார்க்காதீர்கள். வந்த அடியிலேயே திரும்பி வந்து, அவ்வழியில் பிறர் போகாமல் ஆளை நிறுத்தி, வன இலாகாவுக்கோ போலீசுக்கோ சொல்லி அனுப்புங்கள். இந்த ஒரு விஷயத்தைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும், ஆடு மாடு மேய்ப்பவர்களுக்கும் அவசியம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

காயம் நேர்ந்துவிட்டால்

எவ்வளவு சொன்னாலும் விபத்து நேரலாம். அப்போது முதல் அரைமணி நேரத்தில் அருகிலிருப்பவர்கள் செய்வதே உயிரையும் உறுப்பையும் காக்கும். இவற்றை நன்றாக ஞாபகத்தில் வையுங்கள்.

முதலாவது, உதவிக்குப் போகிறவர் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும். கட்டுத்துவக்கானால் இரண்டாவது கம்பி இருக்கலாம். தரையைப் பார்த்து நடங்கள். உடனே 108-க்கு டெலிபோன் செய்யச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ரத்தம். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மீதே வைத்து உள்ளங்கையால் பலமாக அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்கக்கூடாது. துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். கை காலிலிருந்து ரத்தம் பீறிட்டு, அழுத்தியும் நிற்காவிட்டால், காயத்துக்கு நாலு விரற்கடை மேலே, மூட்டின்மீது படாமல், அகலமான துணிப்பட்டையைச் சுற்றி, ஒரு குச்சியைச் செருகி, ரத்தம் நிற்கும்வரை முறுக்கிக் கட்டுங்கள். கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி சேரும்வரை அதைத் தளர்த்தவேண்டாம். கயிறும் கம்பியும் இதற்கு உதவா. அவை சதையை அறுக்கும்.

மூன்றாவது, காயத்தில் மஞ்சள்தூள், காப்பித்தூள், சுண்ணாம்பு, சாம்பல் ஒன்றையும் அப்பாதீர்கள். உள்ளே இருக்கும் ரவையையும் இரும்புத் துண்டையும் பிடுங்காதீர்கள். அதுவே ரத்தக்குழாயை அடைத்துக்கொண்டிருக்கலாம்.

நான்காவது, தீய்ந்த இடத்தில் சுத்தமான குளிர்ந்த தண்ணீரை இருபது நிமிஷம் விடாமல் ஊற்றுங்கள். மோதிரம், காப்பு, அரைஞாண் முதலியவற்றை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். பற்பசை, மை, எண்ணெய் தடவக்கூடாது.

ஐந்தாவது, கண்ணில் துண்டு பாய்ந்திருந்தால் கசக்கவும் கழுவவும் கூடாது, மருந்து விடவும் கூடாது. ஒரு காகிதக் கிண்ணத்தைக் கண்மீது படாமல் கவிழ்த்து, எலும்பின்மேல் பொருந்தும்படி லேசாகக் கட்டி அனுப்புங்கள். அழுத்திக் கட்டினால் மிச்சமிருக்கும் கண்ணும் போய்விடும்.

ஆறாவது, துண்டான விரலை எறிந்துவிடாதீர்கள். சுத்தமான துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து அதில் சுற்றி, பிளாஸ்டிக் பையிலிட்டு வாயைக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த தண்ணீரில் வையுங்கள். விரல் பனிக்கட்டியை நேராகத் தொடக்கூடாது. அதை நோயாளியுடனே அனுப்பினால் மறுபடி பொருத்தச் சந்தர்ப்பம் உண்டு. ரணசிகிச்சை தேவைப்படலாமாகையால் வழியில் சோறும் காப்பியும் கொடுக்கவேண்டாம். சிறு காயமானாலும் வில்வாத ஜன்னி வராமல் தடுக்கும் ஊசி போடவேண்டும்.

ஏழாவதும் முக்கியமானதும் ஒன்று உண்டு. வழக்கு வருமென்று பயந்து காயத்தை மறைக்காதீர்கள். “மாடு முட்டிற்று”, “சிலிண்டர் வெடித்தது” என்று டாக்டரிடம் சொன்னால், உள்ளே ரவை இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? மேலே தைத்து அனுப்பிய காயம் உள்ளே அழுகி, விரலோடு போகவேண்டியது முழங்கையோடு போகும். பரமானந்த கட்டாரா என்பவர் தொடர்ந்த வழக்கில் இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 1989-ஆம் வருஷமே தீர்ப்பளித்துவிட்டது. அடிபட்டு வந்தவர் குற்றவாளியோ நிரபராதியோ, உயிரைக் காப்பதே டாக்டரின் முதற்கடமை. போலீஸ் நடவடிக்கைக்காகச் சிகிச்சை தாமதப்படக்கூடாது. சர்க்கார் ஆஸ்பத்திரிக்கும் தனியார் ஆஸ்பத்திரிக்கும் இது பொது. வழக்கை வக்கீல் பார்த்துக்கொள்ளலாம். இறந்தவரை எழுப்ப எந்த வக்கீலாலும் ஆகாது.

சட்டமும் ஒப்படைப்பும்

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 2019-ஆம் வருஷத் திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் குறைந்தது 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்கிறவருக்குக் குறைந்தது 7 வருஷம். ஆயுள்தண்டனை வரையிலும் போகலாம். பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்க அந்தச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஆனால் துப்பாக்கிக்கு லைசென்ஸ் பெறுவது வேறு, காட்டு மிருகத்தைச் சுட அனுமதி பெறுவது வேறு. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனியே நிற்கிறது. லைசென்ஸ் பெற்ற பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைச் செப்பனிட அதிகாரம் பெற்ற தொழிலாளியிடம் காட்டிப் பரிசோதிக்க வேண்டும். மருந்தில்லாமல், பூட்டிய பெட்டியில் வைக்கவேண்டும். மருந்தை வேறிடத்தில், அடுப்புக்கு எட்டாத தூரத்தில் வைக்கவேண்டும்.

பாட்டனார் காலத்துத் துப்பாக்கி ஒன்று கூரையில் கிடக்கிறது, என்ன செய்வது? கிணற்றில் போடாதீர்கள், மண்ணில் புதைக்காதீர்கள். நாளை வேறொருவர் தோண்டி எடுப்பார். மருந்து இருக்கிறதா என்று நீங்களே குத்திப் பார்க்காதீர்கள். வருஷக்கணக்காக உள்ளே கிடந்த மருந்தும் வெடிக்கும். மலையோர ஜில்லாக்களில் போலீசார், தாமாகக் கொண்டுவந்து ஒப்படைப்பவர்கள்மீது வழக்கு இல்லை என்று அறிவித்துத் துப்பாக்கிகளைப் பெற்றுக்கொண்டதுண்டு. அத்தகைய அறிவிப்பு உங்கள் ஜில்லாவில் அமலில் இருக்கிறதா என்பதைச் சங்கக் காரியதரிசியே விசாரித்துச் சொல்லலாம். சந்தேகமுள்ளவர்கள் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் வக்கீலின் யோசனையை இலவசமாகப் பெறலாம். துப்பாக்கியைப் பஸ்ஸில் எடுத்துச் செல்லாமல், அது இருக்குமிடத்துக்கே போலீசாரை வரவழைப்பதே உத்தமம்.

பயிரைக் காப்பது எப்படி?

“துப்பாக்கியை எடுத்துக்கொண்டீர், பன்றியை என்ன செய்வீர்?” என்று நீங்கள் கேட்பது நியாயமே. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் துப்பாக்கியை விடு என்பது பசித்தவனுக்கு உபதேசம் செய்வதாகும்.

முதலில் செய்யத்தகாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கிக்குப் பதிலாக வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் விடுவது, ஒரு கொலைக்கருவியை வைத்துவிட்டு மற்றொன்றை எடுப்பதாகும். தருமபுரி ஜில்லா மாரண்டஹள்ளி அருகே 2023-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் அப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் ஒரே இரவில் மாண்டன. மனிதர்களும் அவ்வாறே மாண்டிருக்கிறார்கள். சூரிய ஒளியால் இயங்கி, விட்டு விட்டு அதிர்ச்சி மட்டும் தரும் வேலி வேறு. அது உயிரை வாங்காது. அதற்கும் 2023-இல் தமிழ்நாட்டில் விதிகள் வகுத்திருக்கிறார்கள். அவற்றின்படி பதிவு செய்தே அமைக்கவேண்டும்.

அத்தகைய வேலியை ஓர் ஏக்கர்க்காரர் தனியே போட்டால் செலவு தாங்காது. போட்டாலும் பன்றி அடுத்த கொல்லைக்குப் போகும். நாற்பது ஏக்கரைச் சுற்றி ஒரே வேலியாகப் போட்டால், ஏக்கருக்கு விழும் வேலியின் நீளமும் செலவும் வெகுவாகக் குறையும். கூட்டுறவின் கணக்கே இதுதான். இன்று திருவள்ளூர் ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் 1904-ஆம் வருஷம் சென்னை மாகாணத்தின் முதல் விவசாயக் கடன் சங்கம் பதிவானபோது, ஒருவரால் ஆகாததைப் பலர் சேர்ந்து செய்வதென்ற இந்த எண்ணமே அதன் அஸ்திவாரமாக இருந்தது. காவலும் அவ்விதமே. ஒருவர் முப்பது இரவு விழித்தால் நோயில் விழுவார். முப்பது பேர் முறைவைத்தால் மாதத்துக்கு ஓர் இரவு. தகரம் தட்டுவதும், விளக்கும், உயரமான பரணும் பலர் சேர்ந்து செய்தால் பலன் தரும். வரப்போரத்தில் ஆமணக்கை நெருக்கமாக விதைப்பது நிலக்கடலைக்கும் சோளத்துக்கும் ஓரளவு காவலாகும்.

சேதம் நேர்ந்தால், அன்றே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் வனச்சரக அலுவலகத்துக்கும் எழுத்து மூலம் தெரிவித்து நஷ்டஈடு கேளுங்கள். 2025-ஆம் வருஷம் தமிழ்நாடு சர்க்கார் பிறப்பித்த உத்தரவில், காப்புக்காட்டு எல்லைக்கு 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுடும் பொறுப்பு வன இலாகாச் சிப்பந்திகளிடம் ஒப்படைக்கப்பட்டது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை உள்ளவற்றைப் பிடித்துக் காட்டில் விடவேண்டும் என்றும் அதில் கண்டிருக்கிறது. ஒரு குடியானவரின் மனு மேஜையில் தூங்கலாம். சங்கத்தின் தீர்மானமாகப் போகும் மனுவுக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

சங்கத்தார் செய்யவேண்டியது

ஆகையால் இந்தச் சபையின் முன் ஐந்து யோசனைகளை வைக்கிறேன்.

1. நாட்டுத் துப்பாக்கி, கட்டுத்துவக்கு, அவுட்டுக்காய் ஆகியவற்றை எந்த அங்கத்தினரும் செய்வதில்லை, வாங்குவதில்லை, வைத்திருப்பதில்லை என்று சங்கம் தீர்மானம் செய்யவேண்டும்.

2. ஒப்படைக்க விரும்புகிறவர்களுக்காகக் காரியதரிசி போலீஸ் இலாகாவுடன் பேசி, கிராமத்திலேயே ஒரு நாளைக் குறிப்பிட்டு ஏற்பாடு செய்யவேண்டும். முதலில் வருகிறவரை யாரும் ஏளனமாகப் பார்க்கக்கூடாது.

3. காட்டோரக் கொல்லைகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, முறைக்காவலும் பொது வேலியும் ஏற்படுத்தி, வேலிக்கான கடனுக்குக் கூட்டாக மனுச் செய்யவேண்டும்.

4. சங்கக் கட்டிடத்தில் ஒரு முதலுதவிப் பெட்டி இருக்கவேண்டும். அதைக் கையாள ஆண்களில் இருவரும் பெண்களில் இருவரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பயிற்சி பெறவேண்டும்.

5. பயிர்ச்சேத மனுக்களைச் சங்கமே வாங்கி, நகல் வைத்து, பதில் வரும்வரை தொடர்ந்து கேட்கவேண்டும்.

அங்கத்தினர்களே! நாட்டுத் துப்பாக்கியைத் தூக்கியவர் கெட்டவர் அல்லர், தனித்துவிடப்பட்டவர். நள்ளிரவில் ஒற்றை மனிதனாகக் கொல்லையில் நிற்கும்போது, கையில் ஏதேனும் இருக்கவேண்டுமென்று தோன்றுவது மனித சுபாவம். பக்கத்துக் கொல்லையில் ஒரு விளக்கும், அதற்கடுத்த கொல்லையில் ஒரு குரலும் இருக்குமானால், அந்தக் குழல் அவருக்கு வேண்டியிராது. அந்த விளக்கையும் அந்தக் குரலையும் ஏற்படுத்துவது இந்தச் சங்கத்தால் ஆகக்கூடிய காரியம். வரும் நிலக்கடலைப் பட்டத்துக்கு முன்னதாகவே மேற்படி யோசனைகளை நிறைவேற்றுமாறு கேட்டுக்கொள்ளுகிறேன்.